முக்காற்புள்ளி

பாயா தெருபோங்கில் பதினேழாவது மாடி.
குளியலறைக் கதவின் ஆணியில்
ஹெல்மெட் இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிறது.
மடிக்கணினி பூன் கியாட்டிடம் வாங்கியது,
முந்நூற்றெண்பது வெள்ளி, இரண்டு தவணை,
'என்' எழுத்துக்கு மூடி கிடையாது.
டெபியன் போட்டுக் கொடுத்ததும் அவன்தான்.
"இனி உன் பாடு" என்றான்.

பதினொன்று நாற்பதுக்கு நிறுவினேன்.
கோடு நூறு சதவீதம்வரை ஓடி நின்றது.
பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.

கமாண்ட் நாட் ஃபவுண்ட்.

பிழையாய் அடித்தேனோ என்று
ஒவ்வோர் எழுத்தாய்த் தொட்டுப் பார்த்தேன்.
மறுபடி நிறுவினேன்.
"ஏற்கெனவே இருக்கிறது" என்றது நிறுவி.
"அப்படி ஒன்று கிடையாது" என்றது ஷெல்.
ஒரே வீட்டில் இரண்டு பேர்,
பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்.

இதை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.
போன மாதம், ரிலாவ் பக்கம்,
புதிதாய்த் திறந்த அடுக்குமாடி.
என் கையில் மீ கோரெங் ஆறிக்கொண்டிருந்தது.
வரைபடத்தில் அந்த இடம் வெறும் புல்வெளி.
"நீங்கள் சொல்லும் முகவரியே இல்லை, அக்கா."
"இல்லாத இடத்திலிருந்துதான் கையாட்டுகிறேன்,
கொஞ்சம் தலையைத் தூக்கு, தம்பி"
என்றார் மரகதவல்லி, ஒன்பதாம் மாடி, மஞ்சள் விளக்கு.

ஷெல்லும் டெலிவரிக்காரன்தான்.
ஊர் முழுக்கத் தேட மாட்டான்.
எக்கோ, டாலர், பாத் என்று தட்டினால்
சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்துக் காட்டுகிறான்:
ஐந்தாறு தெரு, இடையிடையே முக்காற்புள்ளி.
அந்த வரிசையில் போவான்.
கடைசித் தெருவிலும் ஆள் இல்லையென்றால்
திரும்பி வந்து கைவிரிப்பான்.
நான் நிறுவியதோ
புள்ளியில் பெயர் தொடங்கும் மறைவுக் கோப்புறையில்
கதவைச் சாத்தாமல் உட்கார்ந்திருக்கிறது.

சரி, என் தெருவையும் தாளில் எழுதிவிட்டேன்.
எழுதியபின் முக்காற்புள்ளி வைத்து
பழையதையெல்லாம் பின்னால் சேர்க்க வேண்டும்.
எனக்கு மேற்கோள்குறியை மூடும் அவசரம்.

புதுக் கருவி எழுந்து பதில் சொன்னது,
பதிப்பு எண்ணோடு.
நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டேன்.
பிறகு எல்எஸ் அடித்தேன், சும்மா, கைப்பழக்கம்.

கமாண்ட் நாட் ஃபவுண்ட்.

நானோ. இல்லை.
கேட். இல்லை.
சூடோவுமா? ஆமாம், சூடோவும்.
ஒரு வீட்டைச் சேர்க்கப் போய்
ஜார்ஜ் டவுனையே அழித்திருக்கிறேன்.
சிடியும் எக்கோவும் மட்டும் நடமாடின,
ஷெல்லின் உடம்போடு பிறந்தவை,
அவற்றுக்கு முகவரி தேவையில்லை.

கீழே யாரோ மோட்டாரை உதைத்து உதைத்துப் பார்க்கிறார்கள்.
பிடிக்கவில்லை.
பூன் கியாட்டை எழுப்பலாம்.
எழுப்பினால் மூன்றாவது தவணையாகச் சிரிப்பான்.

தாள் இல்லாத டெலிவரிக்காரனிடம்
முழு முகவரி சொன்னால் போவான் அல்லவா.
ஸ்லாஷ், யூஎஸ்ஆர், ஸ்லாஷ், பின், ஸ்லாஷ், நானோ.
மூடியில்லாத 'என்'னின் ரப்பர் முனையை
நகத்தால் இரண்டு தடவை அழுத்தினேன்.

திறந்தது.
அடப்பாவி, அங்கேயேதான் இருந்திருக்கிறாய்.

முக்காற்புள்ளி.
டாலர்.
பாத்.

பழைய ஜன்னல் கடைசிவரை திருந்தவில்லை.
மூடிவிட்டுப் புதியது திறந்தேன்.
எல்எஸ் என்றதும் வீடு முழுக்க வரிசையில் வந்து நின்றது.
புதியவனும் பெயர் சொன்னதும் வந்தான்.

மணி இரண்டு பத்து.
ஆறு மணிக்கு பாயான் பாருவில் முதல் நாசி லெமாக்.
ஹெல்மெட் சொட்டுவதை நிறுத்தியிருந்தது.
பக்கத்து ஜன்னலில்
மூன்று நாளாய்ப் பாதியில் கிடக்கும் வேலை விண்ணப்பம்.
மென்பொருள் பயிற்சி என்று மேலே நிரப்பியிருக்கிறேன்.
அதற்குக் கீழே,
இத்தனை நாள் கண்ணில் படாத இரண்டு புள்ளிகளோடு,

முன் அனுபவம் :